வார்டு தேர்தலில் நிற்க நினைக்கும் வக்கீல்களுக்கு

நகராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு நான்கு முறை வேட்புமனு தாக்கல் செய்திருக்கிறேன். 2006, 2011, 2016, 2022. இதில் 2016இல் தேர்தலே நடக்கவில்லை. மற்ற மூன்றிலும் தோற்றேன். ஊர், டெல்டாவில் ஒரு முதல்நிலை நகராட்சி. தொழில், அதே ஊர் முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் வக்கீல். போன வாரம் என்னிடம் ஜூனியராக இருந்த தம்பி ஒருவர் வந்து, "சார், அடுத்த நகராட்சித் தேர்தல்ல நிக்கலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்த பேச்சு ஒன்பதரைக்குத்தான் முடிந்தது. நான் முதல் முறை நின்றபோது இதில் கால்வாசியைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

2006இல் எனக்கு வயது முப்பத்து மூன்று. பிராக்டிஸ் ஆரம்பித்து ஒன்பது வருடம். எங்கள் தெருச் சாக்கடை நேராகக் குளத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. அதற்காக மனு மேல் மனு எழுதி அலுத்துப்போய், நாமே உள்ளே போய்விட்டால் என்ன என்று நின்றேன். எனக்கு இருந்த நம்பிக்கையெல்லாம் என் டைரிதான். எத்தனை பேருக்குக் காசு வாங்காமல் ஜாமீன் எடுத்திருக்கிறேன், எத்தனை பேருக்குப் பட்டா விஷயத்தில் அலைந்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், ஜெயிப்பதற்குத் தேவையான ஓட்டு அதிலேயே இருக்கிறது என்று தோன்றியது. எண்ணியபோது 214 ஓட்டு. ஐந்து பேரில் மூன்றாவது இடம்.

தோற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டைரியைத் திரும்பப் புரட்டினேன். அப்போதுதான் விஷயம் உறைத்தது. நம் மாதிரி சின்ன ஊர் வக்கீலின் கட்சிக்காரர்கள், அதாவது நம்மிடம் வழக்குக் கொடுக்கிறவர்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். அந்த வருடம் நான் நடத்திய வழக்குகளில், எங்கள் வார்டில் ஓட்டு உள்ள குடும்பங்கள் பதினொன்றுதான். மற்ற எல்லாரும் என்னை வாயார வாழ்த்துவார்கள், ஆனால் அவர்கள் ஓட்டு வேறு ஊராட்சியில் இருக்கிறது. சொந்தத் தெருக்காரர்களுக்கோ நான் காலையில் ஒன்பதரைக்குக் கறுப்புக் கோட்டோடு கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்புகிற ஆள், அவ்வளவுதான். ஜெயித்தவர் பந்தல் காண்டிராக்டர். வார்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் விடிவதற்குள் அங்கே நாற்காலியும் ஐஸ் பெட்டியும் வந்து இறங்கியிருக்கும், அவரும் ராத்திரி முழுக்க அங்கேயே இருப்பார். அவர் ஜெயித்ததில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. நிற்க நினைக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தன் கட்சிக்காரர்களில் எத்தனை பேருக்குத் தன் வார்டில் ஓட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. அரை மணி நேர வேலை. நான் அதைத் தேர்தல் முடிந்த பிறகு செய்தேன்.

அடுத்த முறை அப்படி இருக்கக் கூடாது என்று 2009லிருந்தே காலை ஏழு முதல் ஒன்பது வரை வார்டில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு கட்சியில் விருப்ப மனுவும் கொடுத்துப் பார்த்தேன். பணம் கட்டி, நேர்காணலுக்குப் போய், கடைசியில் சீட் வேறொருவருக்குப் போனது. மறுபடியும் சுயேச்சை. 2011 அக்டோபர் தேர்தல். என் வாழ்க்கையில் மறக்க முடியாத மாதம், இரண்டு காரணங்களுக்காக.

முதலாவது, வேட்புமனுப் பரிசீலனை நாள். அப்போது நடைமுறையில் இருந்த 1920ஆம் வருட நகராட்சிகள் சட்டத்தில், நகராட்சிக்காகச் சம்பளம் வாங்கி ஆஜராகும் வக்கீலுக்கும் நகராட்சிக்கு எதிராக ஆஜராகும் வக்கீலுக்கும் உறுப்பினராகத் தகுதி இல்லை என்று ஒரு பிரிவு உண்டு. எனக்கு அது தெரியும். தெரிந்துதான், பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் ஒருவருக்காக நகராட்சி மேல் போட்டிருந்த வாடகை வழக்கில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுத்து வேறு வக்கீலுக்கு மாற்றிவிட்டிருந்தேன். ஆனால் மாற்றியதற்குக் கையில் ஒரு காகிதம் இல்லை. எதிர்த்தரப்பு ஆள் எழுந்து, "இவர் பேரில் இன்னும் வக்காலத்து இருக்கிறது" என்று கோர்ட் சுவடியின் நகலை நீட்டினார். வக்காலத்து என்பது கட்சிக்காரர் தன் வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். தேர்தல் அலுவலர் மனுவை நிறுத்திவைத்துவிட்டார். நான் சைக்கிள் ஸ்டாண்டில் போட்டிருந்த வண்டியைக்கூட எடுக்காமல் கோர்ட்டுக்கு ஓடினேன். என் குமாஸ்தா செக்‌ஷனில் கெஞ்சிக் கூத்தாடி, புது வக்காலத்து தாக்கலான தேதியோடு ஒரு நகல் வாங்கிக் கொடுத்தார். மனு ஏற்கப்பட்டபோது எனக்குச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. தயவுசெய்து இதைக் கவனியுங்கள். நகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கு எது இருந்தாலும், மனுத் தாக்கலுக்கு இரண்டு மாதம் முன்பே கட்சிக்காரரிடம் எழுத்தில் சொல்லி வெளியே வந்து, சான்றிட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தச் சட்டம் போய் 1998ஆம் வருட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் தகுதியின்மைப் பிரிவுகளை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இல்லை என்ற ரசீதும் அப்படித்தான். வரி கட்டியிருப்பது போதாது, ரசீது கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணத்தை எழுத எனக்கு இன்றும் கை கூசுகிறது. ஒரு விதவை அம்மா. அறுபது வயது இருக்கும். வீட்டுக்குப் பின்னால் குழாயடிக்குப் போகிற பாதையைப் பக்கத்து வீட்டுக்காரர் அடைக்கப் பார்க்கிறார் என்று நான் போட்டுக்கொடுத்த வழக்கு. இடைக்காலத் தடை உத்தரவும் வாங்கியிருந்தேன். வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்பு அந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. நான் மேலத்தெருவில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாய்தா கேட்கச் சொல்லி ஒரு நண்பரிடம் சொல்லியிருந்தேன், அவர் பக்கத்துக் கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று பாஸ் ஓவர் கேட்கக்கூட ஆள் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இருந்தார், நாங்கள் இல்லை. டிஸ்மிஸ்ட் ஃபார் டிஃபால்ட், ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி.

வழக்கு தள்ளுபடியானால் இடைக்கால உத்தரவும் அதோடு போய்விடும். எனக்கு விஷயம் தெரிந்ததே ஓட்டு எண்ணிக்கைக்கு மறுநாள்தான். போய்ப் பார்த்தேன். பாதையின் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர், சிமெண்ட் ஈரம் காயாமல், மேலே நனைந்த சாக்கு போட்டிருந்தது. சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு முழம் இடம். அந்த அம்மா இடுப்புக் குடத்தைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, உடம்பைத் திருப்பி, பக்கவாட்டில் நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும், "தேர்தல் வேலையா இருந்திருப்பீங்க தம்பி" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முப்பது நாளுக்குள் மனு போட்டு தள்ளுபடியான வழக்கைத் திரும்ப உயிர்ப்பித்தேன். ஐந்நூறு ரூபாய் செலவுத் தொகை கட்டச் சொன்னார்கள், நான் கட்டினேன். ஆனால் சுவர் எழுந்துவிட்டதே. சுவரை இடிக்கக் கோரி வழக்கையே திருத்தி, இடத்தை நேரில் பார்க்க வக்கீல் கமிஷனர் போட்டு, தீர்ப்பு வாங்கி, நிறைவேற்றுதல் மனு போட்டு, கோர்ட் அமீன் வந்து நின்று இடிக்க 2017 ஆகிவிட்டது. ஆறு வருடம். ஐந்து நாள் நான் கோர்ட்டுக்குப் போகாததற்கு அந்த அம்மா கொடுத்த விலை அது. அதற்காக ஒரு பைசா வாங்கவில்லை என்பதெல்லாம் ஈடாகாது. தேர்தலில் நிற்கும் வக்கீல் தன் நேரத்தைத் தொலைக்கலாம், தன் பணத்தைத் தொலைக்கலாம். கட்சிக்காரரின் தேதியைத் தொலைக்க அவருக்கு உரிமை இல்லை. 2022இல் மனு போடுவதற்கு முன்பே அடுத்த ஆறு வாரத்துக்கான எல்லாத் தேதிகளையும் தாளில் எழுதி, வழக்குக் கட்டுகளோடு சேர்த்து, நம்பிக்கையான ஒரு வக்கீலிடம் ஒப்படைத்து, அவர் பெயரையும் வக்காலத்தில் சேர்த்துவிட்டேன். அவருக்குப் பீஸும் கொடுத்தேன். நட்புக்காகப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சரி, 2011 முடிவைச் சொல்லவில்லையே. 37 ஓட்டில் தோற்றேன். அந்த முறை நகர்மன்றத் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் பதவிக்கு ஒரு சின்னத்தில் அழுத்திய கை வார்டுக்கும் அதே சின்னத்தைத் தேடியது. நான் பூட்டு சாவி. அதையும் மீறி 37க்கு வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த 37ஐ நினைத்தால் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. எங்கள் வார்டிலேயே இருக்கிற ஒரு சந்து, 64 ஓட்டு, வாக்காளர் பட்டியலில் பக்கத்து வார்டில் போய் உட்கார்ந்திருந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலைச் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுத்து வார்டு வார்டாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும்போது இப்படி நடக்கும். பட்டியல் வெளியானபோது நான் என் பெயரையும் வீட்டில் உள்ளவர்கள் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டேன். அந்தச் சந்தில்தான் நான் இரண்டு வருடம் காலையில் நடந்தேன். வாக்குப்பதிவு அன்று அவர்கள் எங்கள் பூத்துக்கு வந்து பெயர் இல்லை என்று திரும்பிப் போனதை நானே நின்று பார்த்தேன்.

தேர்தல் வழக்குப் போடலாமா என்று என் சீனியரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பட்டியல் வந்தப்ப ஆட்சேபணை கொடுத்தியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. அரசியல் சட்டத்தின் 243ZG பிரிவு, தேர்தல் வழக்கு தவிர வேறு வழியில் கோர்ட் தலையிடுவதைத் தடுக்கிறது. வார்டு எல்லை பற்றிய சட்டத்தையும் கேள்வி கேட்க விடாது. ஆகவே எதைச் செய்வதானாலும் பட்டியல் வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும் அந்தச் சில நாட்களில்தான் செய்ய வேண்டும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கதவு எண் பார்த்து டிக் அடியுங்கள். பிரச்சாரத்தைவிட அது முக்கியம் என்பது என் கருத்து.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். அதே தேர்தலில் கடைசி ராத்திரி கவர் கொடுத்தார்கள். எனக்கு மறுநாள் காலையில், நான் முதியோர் பென்ஷனுக்கு எழுதிக்கொடுத்த ஒரு பாட்டி வந்து சொன்னார்: "கற்பூரம் ஏத்தி சத்தியம் வாங்கிட்டாங்க தம்பி. உனக்குப் போட்டா பேரப்புள்ளைக்கு ஆகாது." அவர் அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை, அவர் வந்து சொன்னதே பெரிது என்றுதான் தோன்றியது. நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். கொடுக்காமல் நிற்கிறவர்கள் கடைசி இரண்டு நாளில் பத்தில் மூன்று பங்கு ஓட்டு கரையும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு நிற்க வேண்டும். இது என் வார்டில் நான் கண்ட கணக்கு.

தோற்ற பிறகு நடப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். எதிர்த்து நின்ற அரசியல் கட்சியைச் சேர்ந்த இரண்டு பேர் வந்து, தங்கள் வழக்குக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். சண்டை எல்லாம் இல்லை, "நீங்க பிஸியா இருக்கீங்க சார்" என்றார்கள். ஒரு வங்கிக்கு நான் லீகல் ஒப்பீனியன் எழுதிக்கொண்டிருந்தேன், அந்த வேலை சத்தமில்லாமல் நின்றது. வார்டுக்காரர்கள் பீஸ் கேட்டால் முகம் மாறுகிறார்கள், ஓட்டுப் போட்டோமே என்று. தேர்தல் செலவு என்று நான் கணக்குக் காட்டியது சின்னத் தொகை. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னும் பின்னுமாக மூன்று மாத வருமானம் போனதையும், போன கட்டுகளையும் சேர்த்தால் நான்கு முறைக்கும் ஆறு லட்சத்துக்குக் குறையாது. பெரியவள் காலேஜ் சேரும் வருடம் வீட்டு நகை அடகில் இருந்தது. என் மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. அவர் சம்பளம் இல்லை என்றால் இரண்டாவது தேர்தலோடு நான் உட்கார்ந்திருப்பேன். நிற்பதற்கு முன் ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் அந்த முறை வேண்டாம்.

செலவுக் கணக்கு விஷயமும் இதோடு. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்று வருடம் போட்டியிடத் தடை வரும். தோற்றவர்கள் மனம் விட்டுப்போய் இதை விட்டுவிடுகிறார்கள். டீக்கடைக்குக் கொடுத்த நாற்பது ரூபாயையும் அன்றன்றைக்கே எழுதுங்கள்.

2016 கதை சீக்கிரம் முடியும். அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்றார்கள். மனுத் தாக்கல் அக்டோபர் 3இல் முடிந்தது. 4ஆம் தேதி சாயங்காலம் அச்சகத்தில் நின்றுகொண்டிருந்தபோது டிவியில் செய்தி ஓடியது, சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்துவிட்டது, பழங்குடியினர் ஒதுக்கீட்டு விதிகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று. வக்கீலாக அந்த உத்தரவை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. வேட்பாளராக, கட்டிவைத்திருந்த மூவாயிரம் நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். டிசம்பருக்குள் தேர்தலை முடிக்கச் சொன்ன கோர்ட் உத்தரவு எங்கள் ஊருக்கு 2022 பிப்ரவரியில்தான் நிறைவேறியது. அதுவரை தனி அலுவலர் ஆட்சி. உறுப்பினர் என்று யாரும் இல்லாததால் வரிப் பெயர் மாற்றம், பிறப்புச் சான்று, தெரு விளக்கு என்று எல்லாவற்றுக்கும் வார்டுக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பதவி இல்லாமல் அந்த ஐந்து வருடத்தில் நான் செய்த வேலைதான் எனக்கு மனநிறைவு தந்தது. குளத்துக்குள் விழுந்த சாக்கடைக்கு 2019இல் தடுப்பு வந்தது, பதினான்கு மனுக்களுக்குப் பிறகு.

அப்படி இருந்தும் 2022இல் ஒரு தப்பு செய்தேன். வார்டு மறுவரையறை முடிந்து வந்த பட்டியலில் எங்கள் வார்டு பெண்கள் பொது, அதாவது எந்தச் சமூகப் பெண்ணும் நிற்கலாம், ஆண்கள் நிற்க முடியாது. பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் மாறிய பிறகு நகராட்சிகளுக்கு நடந்த முதல் தேர்தல் அது. ஒதுக்கீடு நியாயம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. "டீச்சரை நிறுத்துங்க சார், வேலையை விட்டுட்டு வரட்டும்" என்றார்கள். நான் அதை வீட்டில் வாயைத் திறந்துகூடக் கேட்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினாறு வருடப் பழக்கம் விடவில்லை, பக்கத்து வார்டில் மனு போட்டேன். நகராட்சியில் எந்த வார்டில் ஓட்டு இருந்தாலும் வேறு வார்டில் நிற்கலாம், முன்மொழிகிறவர்தான் அந்த வார்டுக்காரராக இருக்க வேண்டும். சட்டப்படி சரி. ஆனால் அந்த வார்டில் யார் வீட்டுச் சாவுக்கும் நான் போனதில்லை. பிப்ரவரி 7 வாபஸ் முடிந்து சின்னம் கிடைக்கிறது, 17ஆம் தேதி மாலை ஆறு மணிக்குப் பிரச்சாரம் முடிகிறது. பத்து நாளில் ஒரு சின்னத்தையும் ஒரு முகத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் முடியவில்லை. செலவு உச்சவரம்பு 34,000, நான் செலவழித்தது 31,400. செல்லுபடியான 1,412 ஓட்டில் எனக்கு 96. ஆறில் ஒரு பங்கு வராததால் கட்டிய இரண்டாயிரம் டெபாசிட்டும் போனது.

வாக்குப்பதிவு அன்று காலையில், எனக்கு நானே ஓட்டுப் போட முடியாமல் என் பழைய வார்டு பூத்தில் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றது அந்தக் குழாயடி அம்மா. எங்கள் வார்டில் மகளிர் குழுத் தலைவியாக இருந்த ஒரு தையல்காரப் பெண் சுயேச்சையாக நின்றிருந்தார். அவருடைய வேட்புமனுவை நிரப்பி, உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து, வரி ரசீதுகளை வரிசையாக அடுக்கிக்கொடுத்தது நான்தான். வாக்காளர் பட்டியலை வீடு வீடாக டிக் அடித்தது அவர். அந்த 64 ஓட்டுச் சந்து இந்த முறை சரியாக எங்கள் வார்டில் இருந்தது. அவர் 58 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இப்போது ஒவ்வொரு மாதமும் மன்றக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு தீர்மானப் பட்டியலை எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வருகிறார். ஒவ்வொரு பொருளாகப் படித்து, எதில் ஆட்சேபணையை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று குறித்துக்கொடுப்பேன். போன கூட்டத்தில் குளக்கரை நடைபாதை மதிப்பீடு வந்தது. அதை நாங்கள் படித்துக்கொண்டிருந்த சாயங்காலம்தான் ஜூனியர் தம்பி அந்தக் கேள்வியோடு உள்ளே வந்தார். உட்காரச் சொல்லி, முதலில் அவர் வார்டு வாக்காளர் பட்டியல் நகலை வாங்கி வரச் சொன்னேன். வாங்கிவிட்டதாக நேற்று போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் அவருடன் நடக்கப் போகிறேன்.